யாரும் எதுவும் கேட்காத முகம்

என் மூக்கின் இரண்டு பக்கமும் கிளம்பி வாயோரம் வந்து முடிகிற கோடுகள் எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், அதெல்லாம் கோபப்பட்டுக் கோபப்பட்டு வந்தது என்று சொல்வார். அவர் போன பிறகு கோடுகள் ஆழமாகின. கன்னம் இறங்கியது, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே இப்போதுதான் அழுது முடித்தவள் மாதிரி இருப்பேன். உண்மையில் தோசை மாவு ஏன் இவ்வளவு சீக்கிரம் புளித்துவிட்டது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கோயமுத்தூரில் அக்கறைக்குப் பஞ்சமில்லை. பீளமேட்டில் எங்கள் வீதிக்கு வருகிற காய்கறி வண்டிக்காரர் தக்காளியை எடைபோடும் முன்னே, "ஏனுங்க்கா, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்பார். பேங்கில் கவுண்டருக்குள் இருக்கிற சின்னப் பெண், "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று எழுந்துவிடுவாள். நான் பாஸ்புக்கில் என்ட்ரி போடத்தான் போயிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம்தான் "நல்லாத்தான் இருக்கறனுங்க" என்று சொல்வது? எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் வந்தால் கோடு இன்னும் ஆழமாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்தவர் கேட்பார்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்க என்று சொன்னதும் உட்கார்ந்துவிட மாட்டோம். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தானுங்க சாப்ட்டேன்" என்போம். அவர்கள் மறுபடி சொல்லவேண்டும். வேண்டாமுங்க என்போம். அப்புறம் கையைப் பிடித்து இழுத்து, இலையைப் போட்டு, "போட்டாச்சுங்க, இனி எந்திரிச்சா நல்லா இருக்காது" என்று மிரட்டவேண்டும். அதன் பிறகு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுவோம். முதல் அழைப்பிலேயே உட்கார்ந்தவரைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசுவார்கள்.

மனக்கஷ்டத்துக்கும் எங்களிடம் இதே முறைதான். என்னாச்சு என்று கேட்டவுடன் சொல்லிவிடுவது கிடையாது. ஒன்றுமில்லை என்போம். இன்னொரு தடவை கேட்டால், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்று கொஞ்சம் குரலை இறக்குவோம். கேட்கிறவர் அதற்குள்ளே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்காரவேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். விடாமல் கேட்க ஆள் இருக்கிற வரைக்கும் இந்த முறையில் ஒரு குறையும் இல்லை.

என் மகள் இப்படிக் கேட்பதில் கெட்டிக்காரி. ஒரே மகள். கல்யாணம் ஆகி அமெரிக்காவில் இருக்கிறாள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுக்குச் சனிக்கிழமை ராத்திரி, அப்போது வீடியோவில் கூப்பிடுவாள். முதல் கேள்வியே, "என்னங்கம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்றுதான் இருக்கும். ஒண்ணுமில்ல கண்ணு என்பேன். "போனைக் கிட்டத்துல புடிங்க, லைட்டைப் பாத்து உக்காருங்க" என்பாள். தூங்கினீர்களா, என்ன குழம்பு வைத்தீர்கள், நேற்று யாரிடம் பேசினீர்கள் என்று போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பாள். நான் சலித்துக்கொள்வேன். அவளும் கோபித்துக்கொள்வாள். இப்படியே அரை மணி, முக்கால் மணி ஓடிப்போகும்.

பிறகு அவள் படங்கள் அனுப்ப ஆரம்பித்தாள். தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கிற வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சின்ன வீடு, நடுவில் ஒரு பிள்ளையார் கோயில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையற்கட்டு, மணியை அழுத்தினால் ஓடிவருகிற நர்ஸ். படத்தில் இருந்த கிழவர்களும் கிழவிகளும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அங்கெல்லாம் ஆனை வருமே சாமி" என்றேன். "வேலி போட்டிருக்கறாங்கம்மா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. "உங்க மொகத்தைப் பாத்துப்போட்டு எனக்கு வாரம் பூரா வேலை ஓடறதில்லை. ஜூன் மாச லீவுக்கு நான் வாரேன். நேர்ல போய்ப் பாத்துட்டு ஒரு முடிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

அவள் வருகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயம். அவள் வரவேண்டும். வந்து அவளுடைய அறையில் பத்து மணிவரைக்கும் தூங்கவேண்டும். ஈரத் தலையோடு சமையற்கட்டு வாசலில் நின்று என்னை ஏதாவது குறை சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இடம் பார்க்கிற வேலைக்காக அவள் வரக்கூடாது. இந்த முகம் இப்படி இருக்கிற வரைக்கும் அவள் அதற்காகத்தான் வருவாள் என்று எனக்குத் தெரிந்தது. முகத்தைச் சரிபண்ணிவிட்டால் மகளாக மட்டும் வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

போனில் ஒரு விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. சோர்வான முகமா என்று அது கேட்டது. அதுவும் கேட்கிறதே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அதில் இருந்த நம்பரை அழுத்தினேன்.

அவினாசி ரோட்டில் மாடியில் இருந்தது அந்த கிளினிக். உள்ளே ஏசியில் நடுங்கும்படி இருந்தது. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் மோவாயைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். கன்னத்தை இரண்டு விரலால் லேசாக மேலே தூக்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் தடவினாள். என் முகத்தை இன்னொருவர் கை தொட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் கடைசியாக ஆஸ்பத்திரியில் தொட்டிருக்கலாம். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இது வெறும் சுருக்கம் இல்லீங்கம்மா. வயசாக ஆகக் கன்னத்துல இருக்கற கொழுப்பு கொறைஞ்சுபோகும், உள்ள எலும்பும் தேயும். அந்த எடத்துல ஜெல்லை ஊசியில ஏத்தி நெரப்பி விடுவோம். அதுக்குத்தான் ஃபில்லர்னு பேரு. ஒரு வருசம், அதுக்கு மேலயும் சில பேருக்கு நிக்கும். அப்புறம் மெதுவாக் கரைஞ்சுபோயிரும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் பம்பு செட் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர். தேய்ந்த இடத்தில் வாஷரைப் போட்டு இறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

"உங்களுக்கு எந்த மாதிரி வேணும்? வயசு கொறைஞ்சு தெரியணுமா?" என்று கேட்டாள்.

"வயசு அப்படியே இருக்கட்டுமுங்க. என்னைப் பாத்தா யாரும் என்னாச்சுன்னு கேக்கக் கூடாது. அது போதும்" என்றேன்.

டாக்டர் சிரித்தாள். அதைச் செய்துவிடலாம் என்றாள்.

ஊசி போடுகிற அன்று, மரத்துப்போக கிரீம் தடவி உட்காரவைத்திருந்தபோது, கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் வந்து, "கூட யாருங்கம்மா வந்திருக்கறாங்க?" என்று கேட்டாள். "கீழ கார்ல இருக்கறாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லாத அந்த ஆளுக்காக, முடிந்ததும் கொஞ்சம் வேகமாகவே படியிறங்கினேன். ஊசி அவ்வளவு வலிக்கவில்லை. தோலுக்கடியில் எதுவோ நெரிபடுகிற சத்தம் மட்டும் காதுக்குள்ளேயே கேட்டது. இரண்டு வாரத்துக்குக் கன்னத்தை அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது என்று சொல்லி, கையில் ஒரு ஐஸ் பையைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று வாடகைக் காருக்குப் போன் செய்தேன்.

முதல் சில நாள் முகம் வீங்கி, ஒரு பக்கம் கன்றிப்போய், யாரோ அறைந்தது மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அந்த வாரம் மகளிடம் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி, வீடியோ இல்லாமல் பேசி முடித்துவிட்டேன். வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இளமை ஒன்றும் திரும்பிவிடவில்லை. ஆனால் கவலை இல்லாத ஒருத்தி கண்ணாடியில் நின்றாள். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிற ஒருத்தி. எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

காய்கறிக்காரர் பார்த்ததும், "ஊருக்குக் கீது போய்ட்டு வந்தீங்களாக்கா? மொகம் தெளிச்சலா இருக்குது" என்றார். தக்காளியை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார். பேங்கில் அந்தப் பெண் எழுந்திருக்கவே இல்லை. வீடியோவில் மகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "என்னங்கம்மா பண்ணுனீங்க, பளிச்சுனு இருக்கறீங்க" என்றாள். நல்லாத் தூங்கறேன் கண்ணு என்றேன். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அவள் என்ன குழம்பு என்று கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதைப் பற்றிப் பேசிவிட்டு, பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதே வாரத்தில் சென்னிமலைப் பக்கம் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, இறந்துபோனார். தகவல் வந்ததும் பஸ் ஏறினேன். கன்றல் மறைந்திருந்ததே தவிர, டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடியவில்லை.

இழவு வீட்டில் பெண்கள் அழுகிற முறை தெரிந்திருக்கும். உள்ளே நுழைகிறவளை அங்கே இருப்பவர்கள் எழுந்து வந்து தோளோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கன்னத்தோடு கன்னம் அழுந்தும். ஒருத்தி கண்ணீர் இன்னொருத்தி கழுத்தில் இறங்கும். அந்த அழுகை முழுக்க இறந்தவருக்கானது என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்காரன் குடிக்கிறதற்கும், பிள்ளை பேசாமல் போனதற்கும், வெளியே சொல்லமுடியாத எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே அழுதுவிடலாம். எதற்காக அழுகிறாய் என்று எவரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். என்னிடமும் சேர்ந்து கிடந்தது. எதற்கெல்லாம் அழவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பெரியம்மா மருமகள், எனக்கு நங்கையா, அதாவது அண்ணி முறை, கையை விரித்துக்கொண்டு வந்தார். நான் சாய்ந்தேன். அவர் முகம் கிட்டே வந்ததும், அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். அவர் என் தோளில் முகம் புதைத்து அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அடுத்து வந்தவரிடமும் அப்படியே. கன்னத்தை யார் மீதும் வைக்காமல் அழ எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது நங்கையா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உனக்கென்ன அம்மணி, புள்ளையை நல்ல எடத்துல குடுத்துப்போட்டு நிம்மதியா இருக்கறே. மொகத்தைப் பாத்தாலே தெரியுது." அவர் பொறாமையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆமாங்க நங்கையா என்றேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுபார்க்கலாம் என்று முயன்றேன். ஒன்றும் வரவில்லை.

ஜூனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். நான் அதற்குள் அவளுடைய அறையைச் சுத்தம் செய்து, கடையில் வாங்கிய புதுச் சென்னிமலைப் போர்வையைக் கட்டிலில் விரித்துவைத்திருந்தேன். போனைத் தூக்கிக்கொண்டுபோய் அதைக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அவள் முதலில் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, உங்க மாப்பிள்ளைக்கு இந்த வருசம் லீவு ரொம்பக் கொஞ்சந்தானாம். அலாஸ்கா போய்ட்டு வரலாம்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டே இருக்கறார். நீங்களும் இப்ப நல்லா இருக்கறீங்க. அந்த வீடு பாக்கற வேலையெல்லாம் அவசரமே இல்லைனு தோணுது. அடுத்த வருசம் நிதானமா வரட்டுங்களா?"

"அதுக்கென்ன சாமி. நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நான் சொன்னது முதல் பதில். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இப்பத்தானுங்க சாப்ட்டேன் என்பது மாதிரிதான் அது. அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்பதற்காகத்தான் பார்த்தாள், எனக்குத் தெரியும். போன் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் என் முகமும் தெரிந்தது. வாயோரத்தில் கோடு இல்லை. கண்ணுக்குக் கீழே பள்ளம் இல்லை. உள்ளே எனக்கு என்னவெல்லாமோ ஆகிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில் இருந்தவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"தேங்க்ஸ்ங்கம்மா" என்றாள் மகள். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னாள்.

அந்த வாரம் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று துக்கமாக முகத்தை வைத்துப் பழகினேன். வாயைக் கீழே இழுத்தேன், புருவத்தை நெரித்தேன். பல்வலி வந்தவள் மாதிரி இருந்ததே தவிர, துக்கம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னும் அழகாகத் தெரிந்தேன். என் துக்கம் வெளியே தெரிகிற ஒரே இடத்தில் நானே ஆள்வைத்து ஜெல்லை நிரப்பிவிட்டேன். ஒரு வருஷத்தில் கரைந்துவிடும் என்றார்கள். அதுவரைக்கும் இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

காய்கறி வண்டி வந்துபோனது. ஏனுங்க்கா, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தக்காளியைப் பொறுக்கினேன். அவர் மழை வருமா என்று கேட்டார். வராதுங்க என்றேன்.

அன்று சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், நானே மகளைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். வீடியோவை அழுத்தாமல் வெறும் போன் மட்டும் போட்டேன். அவளுடைய கட்டிலில், அந்தப் புதுப் போர்வையின் மேலே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்கம்மா இந்நேரத்துல?" என்றாள்.

ஒண்ணுமில்ல கண்ணு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அவள் ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். ஒரு தடவை கேட்டதற்கே இலையில் உட்கார்ந்தவளாக நான் ஆகப்போகிறேன் என்று வெட்கமாக இருந்தது.

"நீ ஜூன்ல வரணும் சாமி. வீடு பாக்கறதுக்கு இல்லை. எனக்கு இங்க முடியலை. பேசறதுக்கு ஆளில்லை. நீ வா" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, என்னாச்சு? வீடியோவை ஆன் பண்ணுங்க. உங்க மொகத்தை நான் பாக்கணும்."

"வேண்டாம் கண்ணு" என்றேன். "பாத்தா நீ நம்ப மாட்டே. இப்படியே கேளு."